தடைக்காலத்தில் படகு மின்கலங்களின் பராமரிப்பு

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வங்கக் கடலோரத்து விசைப்படகுகளும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அரபிக் கடலோரத்து விசைப்படகுகளும் மீன்பிடிக்கச் செல்லாமல் துறைமுகங்களில் நிற்கின்றன. மீன்வளம் பெருகுவதற்காக மைய அரசு பிறப்பிக்கும் இந்தத் தடை 2015 முதல் ஒவ்வொரு கடற்கரைக்கும் 61 நாள்களாக உள்ளது. சில மாநிலங்கள் தத்தம் கரையோரக் கடற்பரப்புக்குத் தனியே காலத்தை வகுத்துக்கொள்வதும் உண்டு. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கான மழைக்காலத் தடை 52 நாள் நீடிக்கிறது.

இந்த இரண்டு மாதங்களில் வலைகள் பின்னப்படுகின்றன. அடிப்பலகைகள் சுரண்டி வண்ணம் பூசப்படுகின்றன. எஞ்சின்கள் பிரித்துப் பழுது பார்க்கப்படுகின்றன. எஞ்சினறையின் மூலையில் இருக்கும் மின்கலத்தை மட்டும் பெரும்பாலும் எவரும் நினைப்பதில்லை. துறைமுகங்களில் 'பேட்டரி' என்றே வழங்கும் இக்கருவிக்கு அசையும் உறுப்புகள் இல்லை. ஆகவே பயன்படுத்தாவிட்டால் அது தேயாது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மை இதற்கு மாறானது. ஓடும் படகில் உள்ள மின்கலத்தைக் காட்டிலும், நிற்கும் படகில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் மின்கலமே விரைவில் அழிகிறது.

தடை நீங்கும் நாளில் இதன் விளைவு தெரியவரும். பனிக்கட்டி ஏற்றியாயிற்று, டீசல் நிரப்பியாயிற்று, தொழிலாளர்களும் படகேறி விட்டனர். ஆனால் எஞ்சின் சுழல மறுக்கிறது. பக்கத்துப் படகிலிருந்து மின்கலம் இரவல் வாங்கி எஞ்சினை இயக்கிவிட்டுக் கடலுக்குப் புறப்படுவது வழக்கம். இது தீர்வாகாது, ஆபத்தைக் கரையிலிருந்து கடலுக்கு எடுத்துச் செல்வதேயாகும்.

படகில் மின்கலத்தின் பணி

1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து, கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் மீன்பிடிப் படகுகளை எந்திரமயமாக்கும் முயற்சி தொடங்கியது. அந்தத் தொடக்கக் காலத்துச் சிறு எஞ்சின்கள் பலவற்றைக் கைப்பிடி கொண்டு சுழற்றி இயக்க முடிந்தது. இன்று வெராவல், ரத்னகிரி, மால்பே, முனம்பம், விசாகப்பட்டினம், பாரதீப் முதலிய துறைமுகங்களிலிருந்து செல்லும் இழுவைப் படகுகளின் பல உருளை டீசல் எஞ்சின்களைக் கையால் சுழற்ற இயலாது. அவற்றை இயக்க, சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதை மின்கலம் ஒன்றே தரவல்லது.

அடுத்து, வி.எச்.எஃப். வானொலி, திசையறி கருவி, ஆழமறி கருவி, படகின் அடையாள விளக்குகள், அடித்தளத்தில் சேரும் நீரை இறைக்கும் பம்பு ஆகியவை அனைத்தும் எஞ்சின் நின்றிருக்கும்போது மின்கலத்தையே நம்பியிருக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலின்போது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. கடலில் தகவல் தொடர்பின் இன்றியமையாமையை அந்த இழப்பு நாட்டுக்கு உணர்த்தியது. 13 கடலோர மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 1 லட்சம் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கருவி எவ்வளவு சிறந்ததாயினும், அதற்கு மின்சாரம் கிடைக்காவிடில் பயனில்லை. மின்கலப் பராமரிப்பு உடைமையைக் காப்பதோடு உயிரையும் காப்பது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

நிற்கும்போதே தேய்வது ஏன்?

நமது படகுகளில் பெரும்பாலும் பயன்படுபவை ஈய-அமில மின்கலங்கள். 1859இல் பிரெஞ்சு அறிவியலார் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய அடிப்படை அமைப்பே இன்றும் தொடர்கிறது. 12 வோல்ட் மின்கலம் ஒன்றில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈய டையாக்சைடு பூசிய நேர்த் தகடுகளும், பஞ்சு போன்ற ஈயத்தாலான எதிர்த் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கின்றன.

மின்கலம் மின்சாரம் தரும்போது அமிலத்தின் கந்தகக் கூறு தகடுகளில் படிந்து ஈய சல்பேட்டாகிறது. கரைசலில் நீரின் விகிதம் மிகுகிறது. மின்னேற்றம் செய்யும்போது இந்த மாற்றம் திரும்புகிறது; சல்பேட் கரைந்து மீண்டும் அமிலமாகிறது. எனவே கரைசலின் அடர்த்தியை அளந்தால் மின்கலத்தில் எவ்வளவு மின்னாற்றல் எஞ்சியுள்ளது என்பதை அறியலாம்.

வெளியே எந்தக் கருவியும் இணைக்கப்படாத நிலையிலும் இந்த வேதிவினை மெதுவாக நடந்துகொண்டேயிருக்கும். இதனைத் தன் மின்னிறக்கம் என்பர். தகடுகளின் சட்டங்களை உறுதியாக்க ஈயத்தோடு சேர்க்கும் ஆன்டிமனி இதனை மிகுவிக்கிறது. மின்கலம் பழையதாக ஆக இதன் வேகம் கூடும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் தன் மின்னிறக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 27 பாகை வெப்பத்தில் நாளொன்றுக்கு அரை விழுக்காடு இழக்கும் மின்கலம், 61 நாளில் சுமார் 30 விழுக்காட்டை இழக்கும். அதே மின்கலம் 37 பாகை வெப்பத்தில் நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு வீதம் சுமார் 60 விழுக்காட்டை இழந்துவிடும்.

இழந்த மின்னாற்றலை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். இங்குதான் பெருங்கேடு உள்ளது. புதிதாகப் படிந்த ஈய சல்பேட் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும்; மின்னேற்றத்தில் எளிதாகக் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விடப்பட்டால் அத்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிய, கடினமான படிகங்களாகின்றன. அவை மின்னேற்றத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. தகட்டின் அப்பகுதி நிலையாகச் செயலிழந்துபோகிறது. இரண்டு மாதம் மின்னிறங்கிய நிலையில் கிடந்த மின்கலம் மின்னேற்றியின் முள்ளை விரைவில் மேலே தள்ளிக் காட்டும். ஆனால் எஞ்சினை ஒரு முறை சுழற்றுவதற்குள் சோர்ந்துவிடும். அதன் வாழ்நாளில் ஓராண்டோ இரண்டாண்டோ அந்தத் தடைக்காலத்திலேயே கழிந்துபோயிருக்கும்.

மூன்று சூழல்கள்

மின்கலப் பராமரிப்பு குறித்து வெளிநாட்டு நூல்கள் கூறும் குறிப்புகள் பெரும்பாலும் பனிக்காலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நீர்நிலைகள் உறையும் மாதங்களில் படகுகள் கரையேற்றப்படுகின்றன. நம் நாட்டில் படகுகள் ஓய்வுபெறும் காலமும் சூழலும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஆண்டின் மிகக் கடுமையான வெயிற்காலத்தில் வருகிறது. மூடிய எஞ்சினறையின் வெப்பம் வெளி வெப்பத்தைவிட மிகுதி. எனவே இங்கு முதல் எதிரி வெப்பம். தன் மின்னிறக்கம் பெருகுகிறது. கரைசலிலுள்ள நீர் குறைந்து தகடுகளின் மேல் விளிம்பு வெளியே தெரிகிறது. அவ்வாறு காற்றுப்பட்ட பகுதி விரைவில் கெடுகிறது.

மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் தென்மேற்குப் பருவமழையோடு இணைந்தே வருகிறது. வெப்பம் அங்கு அவ்வளவு கடுமையில்லை. ஈரமும் உப்புக்காற்றுமே அங்குள்ள எதிரிகள். மின்கலத்தின் மேற்புறத்தில் உப்பும் தூசியும் அமிலத் துளியும் ஈரத்தோடு சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகி, இரு முனைகளுக்கும் இடையே மின்னோட்டம் கசிய வழி செய்கின்றன. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும் களிம்பு, தொடர்பைத் தடை செய்கிறது. மழைநீர் படகின் அடித்தளத்தில் சேர்ந்து மின்கலத்தைத் தொடும் ஆபத்தும் உண்டு. கடல்நீர் அறைகளுக்குள் புகுந்துவிட்டால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயுவும் உண்டாகக் கூடும்.

மூன்றாவது சூழல் இமயப் பகுதிக்கு உரியது. காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரில் தால் ஏரியின் மேற்பரப்பு உறைவதுண்டு. லடாக்கில் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள பாங்காங் ஏரி குளிர்காலத்தில் முழுதுமே உறைந்துவிடும். குளிரில் தன் மின்னிறக்கம் குறைவு, இது நன்மையே. ஆனால் வேறொரு கேடு காத்திருக்கிறது. முழு மின்னேற்றம் பெற்ற மின்கலத்தின் கரைசல் சுழிக்குக் கீழ் 40 பாகையிலும் உறையாது. மின்னிறங்கிய மின்கலத்திலோ கரைசல் நீர்த்துப்போயிருப்பதால், சுழிக்குக் கீழ் 10 பாகை அளவிலேயே உறைந்துவிடும். உறையும் நீர் விரிவடைந்து தகடுகளைச் சிதைக்கும், பெட்டியையும் பிளக்கும்.

ஆகவே வெப்பமாயினும் ஈரமாயினும் குளிராயினும் முதல் விதி ஒன்றே: ஈய-அமில மின்கலத்தை முழு மின்னேற்றம் செய்த நிலையிலேயே ஓய்வுக்கு விட வேண்டும், ஓய்வுக் காலம் முழுவதும் அந்நிலையிலேயே காத்து வரவேண்டும்.

கரைசேர்ந்த நாளில் செய்யத்தக்கவை

படகு துறைமுகம் வந்து சேர்ந்த ஓரிரு நாளிலேயே மின்கலத்தைக் கழற்றி எடுப்பது நன்று. முதலில் எல்லா விசைகளையும் அணைத்துவிட்டு எதிர்முனைக் கம்பியையும், பிறகு நேர்முனைக் கம்பியையும் கழற்ற வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எதிர்முனை பெரும்பாலும் எஞ்சினின் உலோகப் பகுதியோடு இணைந்திருக்கும். நேர்முனையை முதலில் கழற்றும்போது திருகுச்சாவி தவறி எஞ்சின்மீது பட்டால் பெரும் பொறி பறக்கும், தீக்காயமும் ஏற்படலாம்.

விசைகளை அணைத்தாலே போதாதா, கம்பிகளை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்கப்படுவதுண்டு. நினைவாற்றல் கொண்ட மின்னணுக் கருவிகளும், எச்சரிக்கை விளக்குகளும், பழுதான கம்பிகளின் கசிவும் விசையை அணைத்த பின்னும் சிறிது மின்னோட்டத்தை ஈர்த்துக்கொண்டேயிருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி. 61 நாளில் 73 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணித் திறனுள்ள மின்கலம் இதனாலேயே ஏறத்தாழ முக்கால் பங்கு வற்றிவிடும். தன் மின்னிறக்கம் இதற்குப் புறம்பானது.

கழற்றும் முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நீரில் மிதந்து நிற்கும் படகில், தானே இயங்கி நீரை இறைக்கும் பம்பு இருக்கலாம். மின்கலத்தை எடுத்துவிட்டால் அது நின்றுபோகும். பருவமழைக் காலத்தில் சில நாள் கவனிக்காவிடில் படகே மூழ்கக்கூடும். அத்தகைய படகில் பம்புக்கென ஒரு மின்கலத்தை மட்டும் விட்டு அதற்குத் தொடர்ந்து மின்னேற்றம் கிடைக்க வழிசெய்ய வேண்டும். அல்லது நாள்தோறும் கைப்பம்பால் நீரை இறைக்க ஆளமர்த்த வேண்டும்.

கழற்றிய மின்கலத்தின் மூடிகள் இறுக மூடியுள்ளனவா என்று பார்த்தபின், சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் மேற்புறத்தைத் துடைக்க வேண்டும். நுரை அடங்கியதும் நல்ல நீரால் துடைத்து உலர்த்த வேண்டும். சோடா நீர் ஒரு துளியும் அறைகளுக்குள் செல்லலாகாது. சென்றால் அமிலம் வலுவிழக்கும். முனைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வாசலின் தடவி வைப்பது களிம்பைத் தடுக்கும்.

அளந்தறிதல்

மின்கலத்தின் நிலையை அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று, நீர்மமானி என்னும் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஒவ்வோர் அறையிலும் கரைசலின் ஒப்படர்த்தியைக் காண்பது. குளிர் நாடுகளில் முழு மின்னேற்றம் பெற்ற மின்கலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.265 ஆக இருக்கும். வெப்ப நாடுகளில் தகடுகளின் ஆயுளைக் கருதிச் சற்று நீர்த்த அமிலம் நிரப்பப்படுவதால் முழு மின்னேற்றத்திலும் 1.240 அளவே காட்டக்கூடும். எனவே உற்பத்தியாளர் குறித்துள்ள அளவை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மின்கலம் முற்றிலும் மின்னிறங்கும்போது இது 1.120 அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கும்.

இந்த அளவுகள் 27 பாகை வெப்பத்துக்கு உரியவை. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.0007 கூட்டிக்கொள்ள வேண்டும். கீழாயின் கழிக்க வேண்டும். 37 பாகையில் 1.230 என்று காட்டினால் உண்மையான அளவு 1.237 ஆகும். ஆறு அறைகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் குறைந்து நின்றால், அந்த அறை பழுதடைந்திருக்கக்கூடும். நீர் ஊற்றியவுடன் அளப்பது தவறான முடிவைத் தரும். நீர் நன்கு கலந்த பின்னரே அளக்க வேண்டும்.

மற்றொரு வழி மின்னழுத்தத்தை அளப்பது. மின்னேற்றமோ மின்னிறக்கமோ நின்று சில மணி நேரம் கழிந்தபின் அளக்க வேண்டும். ஓர் அறையின் மின்னழுத்தம் அதன் ஒப்படர்த்தியோடு 0.84ஐக் கூட்டியதற்கு ஏறத்தாழச் சமமாகும் என்பது எளிதில் நினைவிற்கொள்ளத்தக்க விதி. 1.265 ஒப்படர்த்தியுள்ள மின்கலத்தில் அறைக்கு 2.105 வோல்ட், ஆறு அறைக்கு 12.63 வோல்ட். 1.240 ஆயின் ஏறத்தாழ 12.5 வோல்ட். 12.2 வோல்ட் காட்டினால் பாதியளவே எஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கிய மின்கலத்தை ஒரு நாளும் தாமதிக்காமல் மின்னேற்றத்துக்கு அனுப்ப வேண்டும்.

மின்னேற்றும் முறை

தகடுகள் வெளியே தெரிந்தால் முதலில் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, முழு மின்னேற்றத்துக்குப் பிறகே குறியிட்ட மட்டம் வரை நிரப்ப வேண்டும். மின்னேற்றத்தின்போது கரைசல் விரிந்து மேலெழும்; முன்னமே நிரப்பினால் அமிலம் வழிந்து வீணாகும்.

மின்னோட்டம் மின்கலத் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. 100 ஆம்பியர் மணி மின்கலத்துக்கு 10 ஆம்பியர் போதும். சோர்ந்துகிடந்ததாயின் இதனினும் குறைவாகவே செலுத்த வேண்டும். ஒரு மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்து மூன்று முறை அளந்தும் ஒப்படர்த்தி மாறாதிருந்தால் மின்னேற்றம் நிறைவுற்றது எனலாம். கரைசலின் வெப்பம் 50 பாகையை நெருங்கினால் மின்னோட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆகவே மூடிய எஞ்சினறையில் மின்னேற்றம் செய்வது ஆபத்தானது. காற்றோட்டமுள்ள இடத்தில், புகைப்பதும் விளக்கேற்றுவதும் இன்றிச் செய்ய வேண்டும். கவ்விகளை மாட்டிய பின்னரே மின்னேற்றியின் விசையை இயக்க வேண்டும். விசையை அணைத்த பின்னரே கவ்விகளை எடுக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிவது நலம். அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முழு மின்னேற்றத்துக்குப் பின் நிழலும் குளிர்ச்சியும் உள்ள உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையின் கோடையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறையும், மேற்குக் கடற்கரையில் மாதத்துக்கு ஒரு முறையும் அளந்து பார்த்து மீண்டும் மின்னேற்றுவது பாதுகாப்பான பழக்கமாகும். மின்வசதி இல்லாத துறைகளில் 10 வாட் அளவுள்ள சிறிய சூரிய ஒளித் தகடு, உரிய கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைக்கப்பட்டால், வெயில் நாளில் 2 ஆம்பியர் மணி அளவுக்குத் தரும். 100 ஆம்பியர் மணி மின்கலம் ஒன்றின் அன்றாட இழப்பை ஈடுசெய்ய அது போதுமானது. மழைமேகம் சூழ்ந்த நாள்களில் இதனையே முழுதும் நம்பியிருக்க முடியாது.

சில தவறான எண்ணங்கள்

மின்கலத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. மரப்பெட்டியிலும் பழைய வகை ரப்பர்ப் பெட்டியிலும் மின்கலங்கள் வந்த காலத்தில் ஈரத்தரையின் வழியே கசிவு ஏற்பட்டதுண்டு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு இது பொருந்தாது. பலகைமீது வைப்பது ஈரத்திலிருந்து காக்கும் என்பது உண்மை. ஆனால் பலகைமீது வைத்துவிட்டதாலேயே மின்னேற்றம் தேவையில்லை என்று கருதுவது பிழை.

மின்கலம் சோர்ந்தால் அமிலம் ஊற்ற வேண்டும் என்பது மற்றொரு தவறு. ஆவியாகிக் குறைவது நீரேயன்றி அமிலமன்று. சோர்ந்த மின்கலத்தின் அமிலம் சல்பேட்டாகத் தகடுகளில் உள்ளது. மேலும் அமிலம் ஊற்றினால் நீர்மமானி உயர்ந்து காட்டும். தகடுகளோ விரைவில் அரிக்கப்படும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஊற்றுவதும் கேடே. அவற்றிலுள்ள குளோரைடும் இரும்பும் தன் மின்னிறக்கத்தைப் பெருக்கும்.

எஞ்சினை வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும் என்பாரும் உளர். இயக்கத் தொடங்கும்போது செலவாவதை ஈடுசெய்யலாம். சோர்ந்த மின்கலத்தை முழுமையாக ஏற்ற அந்த நேரம் போதாது. முழு மின்னேற்றத்துக்குப் பல மணி நேரம் வேண்டும் என்பது மேலே கூறிய கணக்கிலிருந்தே விளங்கும்.

புதிய வகை மின்கலங்கள்

நீர் ஊற்றத் தேவையில்லாத, அடைக்கப்பட்ட ஈய-அமில மின்கலங்களும் படகுகளில் பரவி வருகின்றன. இவற்றின் தன் மின்னிறக்கம் குறைவு. ஆயினும் இல்லாமற் போவதில்லை. மின்னழுத்தத்தை அளந்தே இவற்றின் நிலையை அறிய முடியும். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தில் ஏற்றினால் வெளியேறும் நீரை மீண்டும் ஊற்ற வழியில்லை என்பதால், இவற்றுக்கு உரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும்.

லித்தியம் வகை மின்கலங்களுக்கு விதியே வேறு. கேரளத்தின் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்னும் சூரிய ஒளிப் படகும், 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவின் படகுகளும் இவ்வகையைச் சார்ந்தவை. ஈய-அமில மின்கலத்தை நிறைத்து வைப்பது நல்லது. லித்தியம் மின்கலத்தையோ நெடுநாள் ஓய்வின்போது ஏறத்தாழப் பாதியளவு ஏற்றிய நிலையில் வைப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது. பெரும்பாலான லித்தியம் வகைகளைச் சுழிப் பாகைக்குக் கீழான குளிரில் மின்னேற்றுதல் கூடாது. ஒன்றுக்குரிய விதியை மற்றொன்றுக்குப் பொருத்தினால் இரண்டுமே கெடும்.

கடலுக்குச் செல்லுமுன்

தடை நீங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மின்கலத்தை முழுமையாக ஏற்றி, ஓரிரவு தனியே வைத்து, மறுநாள் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஓரிரவிலேயே வெகுவாக இறங்கினால் அது பழுதுற்றதாகும். நன்றாக நின்றால் எஞ்சினைச் சுழற்றும்போது மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 12 வோல்ட் மின்கலம் அப்பொழுது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் வீழுமாயின் அதைக் கடலுக்கு எடுத்துச் செல்லலாகாது. மாட்டும்போது நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் இணைத்து, அலையில் அசையாதபடி பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். இரண்டு மின்கலங்களைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறும் படகுகளில், ஒன்று புதிதும் மற்றொன்று பழையதுமாக இருந்தால் பழையது புதியதையும் கெடுக்கும்.

எஞ்சினை இயக்குவதற்கு ஒன்றும், வானொலிக்கும் விளக்குக்கும் தனியே ஒன்றுமாக மின்கலங்களைப் பிரித்து வைப்பது இயன்றவரை பின்பற்றத்தக்கது. இரவெல்லாம் விளக்கு எரிந்ததால் விடியற்காலையில் எஞ்சின் இயங்கவில்லை என்ற நிலை இதனால் நேராது.

கூட்டு முயற்சியின் தேவை

ஒவ்வொரு படகுக்காரரும் மின்னேற்றியும் நீர்மமானியும் மின்னழுத்தமானியும் வாங்க வேண்டுமென்பதில்லை. துறைமுகம்தோறும் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒரு காற்றோட்டமான கொட்டகையை அமைத்து, தடைக்காலத்தில் உறுப்பினர்களின் மின்கலங்களை எண்ணிட்டு வாங்கி வைத்து, பதிவேட்டில் அளவுகளைக் குறித்து, முறைப்படி மின்னேற்றித் திருப்பித் தரலாம். வருமானம் குன்றிய அம்மாதங்களில் மீனவ இளைஞர் சிலருக்கு அது வேலையாகவும் பயிற்சியாகவும் அமையும். தடைக்காலத்தில் படகுகளைப் பார்வையிடும் மீன்வளத் துறை அலுவலர்கள், பதிவுச் சான்றுகளோடு மின்கலத்தின் நிலையையும் கேட்டறிவது பயன்தரும். தொழிற்பயிற்சி நிலையங்களின் மாணவர்கள் தம் அருகிலுள்ள துறைமுகத்தில் ஐம்பது மின்கலங்களைத் தடையின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து ஒப்பிட்டால், பாடநூலில் படித்த வேதியியலை நேரில் காண்பர்.

கெட்டுப்போன மின்கலங்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். அமிலத்தைக் கடலிலோ சாக்கடையிலோ கொட்டிவிட்டு ஈயத்தை எடைக்கு விற்பது மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். ஈயம் உடலில் சேர்ந்தால், சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022இல் வெளியிடப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. படகுக்காரர் அவற்றை அமிலத்தோடு அப்படியே விற்பனையாளரிடமோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். இருப்பதை நெடுநாள் வாழவைப்பது, அதனினும் மேலான சிக்கனமாகும்.

கடலில் மீன்கள் இனம் பெருக்குவதற்காகவே படகுகள் இரண்டு மாதம் நிற்கின்றன. அந்த ஓய்வால் வளரும் வளத்தைக் கொண்டுவர, ஓய்வு முடிந்த நாளில் படகு தன் வலிமையோடு புறப்பட வேண்டும். மாதத்தில் அரை நாள் உழைப்பும், ஒரு புட்டி காய்ச்சி வடித்த நீரும், பதிவேட்டில் ஒரு வரியும் இதற்குப் போதும். இருள் சூழ்ந்த கடலில் வானொலியின் விசையைத் திருப்பும் மீனவருக்கு மறுமுனையிலிருந்து குரல் கேட்குமா என்பது, கரையில் கழிந்த இந்த அறுபத்தொரு நாள்களிலேயே முடிவாகிவிடுகிறது.